ஆறாவது நீர்

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் கடற்கரை ஊர்களில், அரபு எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளைகள் சில ஆண்டுகளில் ‘அபூ ஷுஜாஃ’ என்னும் ஃபிக்ஹுச் சுருக்க நூலுக்கு வந்துவிடுவார்கள். அந்நூலின் முதற்பாடம் தூய்மையைப் பற்றியது. எவ்வெந் நீரால் ஒளுச் செய்யலாம், குளிக்கலாம் என்று அங்கே ஏழு நீர்கள் எண்ணப்பட்டுள்ளன. மழை, கடல், ஆறு, கிணறு, ஊற்று ஆகியவற்றின் நீர்கள் ஐந்து. ஆறாவது, பனி உருகிய நீர். ஏழாவது, ஆலங்கட்டி உருகிய நீர்.

முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். முதல் ஐந்து நீர்களை விளக்க எனக்குச் சிரமமே இருந்ததில்லை. மழை, ஐப்பசி கார்த்திகையில் மதரஸாவின் ஓட்டுக்கூரையில் கொட்டுவது. கடல், சன்னலைத் திறந்தால் தெரிவது. ஆறு, தாமிரபரணி. கிணறு, முற்றத்தில் இருக்கிறது. ஊற்று, கடற்கரை மணலைத் தோண்டினால் சுரக்கும் நன்னீர். ஆலங்கட்டி மழையையுங்கூட, பெரியவர்கள் சொல்லக் கேட்டதைக் கொண்டு ஒருவாறு விளக்கிவிடலாம். ஆறாவது நீரில்தான் நான் ஆண்டுதோறும் தடுமாறினேன்.

“ஸல்ஜ் என்றால் என்ன, உஸ்தாத்?”

“பனி.”

“மார்கழிப் பனியா?”

இங்கே தமிழே நமக்கு ஒரு சங்கடத்தை உண்டாக்குகிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. விடியற்காலையில் பனைமரங்களை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் மேல் மலைமலையாய்க் குவிந்து கிடப்பதும் பனி. முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று ஆண்டில் நான்கு மாதங்களைப் பனியின் பெயரால் வழங்கிய நம் முன்னோர், தம் கண்ணில் பட்ட பனியைத்தான் பாடினார்கள். ஆதலால் நான், “மார்கழிப் பனி இல்லை, கட்டியாக உறைந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாளம் உடைக்கிறார்களே, அதுபோல” என்பேன். ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, “அது மீன் நாற்றம் நாறுமே, உஸ்தாத். அந்த நீரால் ஒளுக் கூடுமா?” என்று கேட்டான். நிறமோ சுவையோ மணமோ மாறிய நீரின் சட்டத்தை விளக்க அது நல்ல வாய்ப்பாக அமைந்தது. ஆனால் பனி இன்னதென்பது அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

காணாததைக் கற்பிப்பது குற்றமன்று. எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப் புலவர், சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்குத் தமிழகத்து ஆறுகளையும் வயல்களையும் வழங்கியிருக்கிறார். தாம் கண்ட அழகையே தாம் நேசித்த மண்ணுக்கும் அவர் உடுத்தினார். அவர் மகாகவி, அவருக்கு அது அழகு. நானோ வாத்தியார். ஐஸ் பாளத்தைக் காட்டிப் பாடத்தை முடித்துவிட்டேனே என்ற குறை எனக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

இந்நிலையில்தான் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் மருமகன், “மாமா, எல்லாரும் காஷ்மீருக்குப் போய் வருவோம். குல்மார்க்கில் நல்ல பனி விழுந்திருக்கிறது” என்றார். அவருக்குப் பனிச்சறுக்கில் பித்து. துபாயில் ஒரு பேரங்காடிக்குள் 2005 முதல் செயற்கைப் பனிச்சரிவு ஒன்று நடந்து வருகிறது. வெளியே பாலைவன வெயில் காய, உள்ளே பனிப்பலகை கட்டிச் சறுக்கப் பழகியவர் அவர். தம் ஒன்பது வயது மகனுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று விரும்பினார்.

செய்தி ஊரில் பரவியது. இஷாத் தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர், “சறுக்கத் தெரியாதவருக்குப் பனிமலையில் என்ன வேலை? குறைஷிகள்கூடக் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான யமனுக்குத்தானே போனார்கள்? நீங்கள் தலைகீழாகப் போகிறீர்களே!” என்றார். குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குறிப்பிடும் குறைஷ் சூராவை நான் அவருக்கே ஓதிக்கொடுத்திருக்கிறேன். அதைக் கொண்டே என்னை மடக்கினார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் ‘சறுக்கத் தெரியாதவருக்கு என்ன வேலை’ என்ற கேள்வி என்னை வேறோர் இடத்துக்கு இழுத்துச் சென்றது.

அதைச் சொல்ல என் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். 1955இல் தொடங்கி ஏழாண்டுகள் நடந்து அது நின்றுபோயிற்று. அக்கடைசிக் குளிப்பில் என் வாப்பாவும் தோணியில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் குளித்தவர்கள் அல்லர், கயிறு பிடித்தவர்கள். நள்ளிரவு கழிந்ததும் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். பாரை அடைந்து விடிந்ததும், குளிப்பவர் கல்லில் கால் ஊன்றிக் கடலடிக்கு இறங்குவார். ஒரு நிமிட அளவே அவருக்கு மூச்சு. அதற்குள் சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டுவார். சுண்டிய மறுகணம் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் தோணிகள் கரை திரும்பும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, தூத்துக்குடி முத்தைப் பற்றிய பாடம் வந்தது. “உங்கள் வீட்டில் யாரேனும் முத்துக்குளித்திருக்கிறார்களா?” என்று ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து, “என் வாப்பா குளித்திருக்கிறார்கள்” என்றேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெருமை ஒரு வாரம் நீடித்தது. பிறகு எப்படியோ அது வாப்பாவின் காதுக்கு எட்டிற்று. அவர்கள் கோபிக்கவில்லை. இரவு உணவுக்குப் பின் என்னை அழைத்து, “கயிறு பிடித்தேன் என்றே சொல்லியிருக்கலாமே வாப்பா” என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பின் அப்பேச்சை அவர்கள் எடுத்ததே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. 2022இல் அவர்கள் மறைந்தபோது ஜனாஸாத் தொழுகையை நானே முன்னின்று நடத்தினேன். அன்றும் அது சொல்லப்படாமலே போயிற்று.

இந்தப் பாரத்தோடுதான் நான் குல்மார்க்கிற்குப் புறப்பட்டேன் என்று சொன்னால் அது மிகையாகும். கம்பளி உடைகளின் பாரமே அப்போது பெரிதாக இருந்தது! தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் விரைவு ரயிலில் சென்னை. அங்கிருந்து டெல்லி வழியாக விமானத்தில் ஸ்ரீநகர். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மலையடிவாரத்தில் தங்மார்க் என்னும் ஊர். குளிர்காலத்தில் அங்கே இறங்கி, சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். நீண்ட ரப்பர்க் காலணிகளும் தடித்த மேலங்கிகளும் அங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன.

குல்மார்க் என்றால் பூம்புல்வெளி என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரந்தான். ஆயினும் உதகையில் குளிர்கால விடியலில் புல் மேல் மெல்லிய உறைபனி படிவதோடு சரி. குல்மார்க்கிலோ ஆள் உயரத்துக்குப் பனி. நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. காஷ்மீர் வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அதோடு, மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சலனங்கள் அங்கே பனியைக் கொட்டுகின்றன.

வண்டியை விட்டு இறங்கியதும் நான் முதலில் உணர்ந்தது வெண்மையை அன்று, அமைதியை. கடற்கரையில் பிறந்தவன் காதில் அலையோசை ஓய்ந்ததே இல்லை. இங்கே பேசும் பேச்சைக்கூடப் பனி உறிஞ்சிக்கொள்கிறது. தேவதாரு மரங்கள் கிளை கிளையாகச் சுமை தாங்கி நின்றன. குனிந்து ஒரு கை அள்ளினேன். ஐஸ் பாளம் என்று நான் சொல்லி வந்தது எவ்வளவு பிழை! அது கல்போல் இறுகியது. இது இடித்துச் சலித்த அரிசி மாவைப்போல் விரலிடுக்கில் உதிர்ந்தது. கையில் எடுத்ததும் கனமில்லை; சற்று நேரத்தில் அதுவும் இல்லை; உள்ளங்கையில் சில துளி நீர் மட்டும். “அப்பா, இதுதானே ஸல்ஜ்?” என்று என் பேரன் கேட்டான். பாட்டனை ‘அப்பா’ என்றழைப்பது எங்கள் ஊர் வழக்கம். “ஆமாம் வாப்பா, இதுதான்” என்றேன். முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் நேரான பதில் அது.

விடுதி அறையில் விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. அதற்கு அங்கே ‘புகாரி’ என்று பெயர். பணியாள், “புகாரியை ஏற்றட்டுமா?” என்று உருதுவில் கேட்டதும் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்துவிட்டேன். எங்களுக்குப் புகாரி என்றால் இமாம் அவர்களின் ஹதீஸ் தொகுப்பல்லவா! அந்த அடுப்பின் மேல் ஒரு வாளிப் பனியை வைத்து உருக்கினேன். ஒரு வாளி நிறைந்த பனி, கால் வாளி நீர்கூட ஆகவில்லை. அந்நீரால் ஒளுச் செய்து அஸர் தொழுதேன். முகத்தில் அந்நீர் பட்டபோது உண்டான உணர்வை எழுத எனக்குச் சொல் இல்லை. படித்த பாடம் ஒன்று உடம்பில் இறங்கியது என்று மட்டும் சொல்லலாம்.

பாடங்கள் பலவும் அங்கே உயிர் பெற்றன. காலில் செருப்பில்லாமல் வரும் பிள்ளைகளுக்கு, தோலுறையின் மேல் மஸ்ஹுச் செய்யும் சட்டத்தை நான் நடத்தியதுண்டு. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு என்ற சலுகையின் அருமை, அந்தக் குளிரில் காலுறையைக் கழற்ற அஞ்சியபோதுதான் விளங்கியது. கிப்லாவும் அப்படியே. எங்கள் கரையில் நாங்கள் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பித் தொழுவோம். காஷ்மீரில் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே திரும்ப வேண்டும். ஒரே கஅபாவை நோக்கி இந்நாட்டின் இரு முனைகளும் இரு பக்கமிருந்து திரும்புகின்றன.

காலை உணவுக்குப் பின் மருமகனும் பேரனும் பனிப்பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் என் துணைவியாரும் மகளும் எங்கள் விருப்பம்போல் பொழுதைக் கழித்தோம். குல்மார்க்கில் ஆங்கிலேயர் பனிச்சறுக்குக் கழகம் தொடங்கியது 1927இல். ஆனால் அங்கே வருவோரில் பெரும்பாலோர் சறுக்காதவர்களே. எங்களைப்போல் செல்ல எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கம்பி வழியே செல்லும் கோண்டோலாப் பெட்டியில் ஒரு பெட்டிக்கு ஆறு பேர் அமரலாம். சீட்டை முன்கூட்டியே இணையவழி வாங்கிவிட வேண்டும். முதற்கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கோங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அப்பர்வத் மலைமுகட்டுக்கு, 3,900 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. மூச்சுத்திணறலோ இருதய நோயோ உள்ள முதியவர்கள் முதற்கட்டத்தோடு நிற்பதே நலம். நாங்கள் அப்படித்தான் நின்றோம். கறுப்புக் கண்ணாடி அவசியம். வெண்பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும்.

அங்குள்ளவர்கள் ஃபிரன் என்னும் தளர்ந்த நீளங்கி அணிந்து, அதனுள்ளே காங்கிடி என்னும் நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறார்கள். மண்சட்டியைச் சுற்றிப் பிரம்புபோன்ற குச்சிகளால் பின்னிய கூடை அது. காஷ்மீரத்துச் சினார் மரத்தின் உதிர்ந்த இலைகளையும் கரியாக்கி அதில் இடுவார்களாம். ஒரு கிழவர் தம் காங்கிடியை என் கையில் தந்து சற்று நேரம் குளிர்காயச் சொன்னார். குங்குமப்பூ இட்ட கஹ்வா எங்களுக்குப் பிடித்திருந்தது. இளஞ்சிவப்பான உப்புத் தேநீர் என் துணைவியாருக்கு மட்டுமே பிடித்தது. காஷ்மீரிகளும் நம்மைப்போல் சோறு உண்பவர்கள் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாம் நாள், சறுக்கு வண்டி இழுக்கும் தொழிலாளி ஒருவர் என்னை விடாமல் அழைத்தார். மரப்பலகை வண்டி, முன்னால் ஒரு கயிறு. அதில் நாம் அமர, அவர் இழுத்துச் செல்வார். ஏறத்தாழ என் வயதே அவருக்கும். ஒருவர் தோளில் கயிற்றை மாட்டி இழுக்க நான் அமர்ந்திருப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. கூலியைக் கொடுத்து, “நாம் சேர்ந்து நடப்போம்” என்றேன். மதரஸாவில் படித்த உருது கைகொடுத்தது.

அந்த ஆண்டு ஜனவரியைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு வருந்தினேன். டிசம்பர் 21இல் தொடங்கும் கடுங்குளிர் நாற்பது நாளை அவர்கள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். சில்லா என்றால் நாற்பது நாள் என்பது நமக்குத் தெரிந்ததே. அந்த நாற்பதில் விழும் பனியே கெட்டிப்பட்டு, கோடையில் சிறுகச் சிறுக உருகி ஓடைகளையும் வயல்களையும் காக்கும். ஆனால் 2024 ஜனவரியில் பெரும்பாலும் பனியே விழவில்லை. குல்மார்க் பழுப்புப் புல்வெளியாகக் கிடந்தது. மாத இறுதியில்தான் பனி பெய்தது. “அத்தனை நாளும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தோம். சறுக்க வருகிறவருக்கு இந்த ஆண்டு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு. எங்களுக்கு அரிசி வேண்டுமே!” என்றார். முத்துப் பாரில் சிப்பி விளையாத ஆண்டுகளைப் பற்றி என் வாப்பா பேசிய பேச்சும் இதே குரலில் இருந்தது.

“நீங்கள் சறுக்குவீர்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “பிறந்தது முதல் பனியில்தான் இருக்கிறேன். ஒருநாளும் சறுக்கியதில்லை. என் வேலை கயிறு.”

மூன்றாம் நாள் பிற்பகலை நான் மறக்க முடியாது. மருமகன் வழிகாட்டி ஒருவரோடும் நண்பர் ஒருவரோடும் அப்பர்வத் முகட்டுக்கு ஏறி, சறுக்கிக்கொண்டே இறங்குவதாகச் சொல்லிப் போனார். லுஹருக்குப் பின் இறங்கிவிடுவதாகப் பேச்சு. நாங்கள் அடிவாரத்தில் காத்திருந்தோம். பேரன் குழந்தைகளுக்கான சிறு சரிவில் விழுந்தும் எழுந்தும் பழகிக்கொண்டிருந்தான். மேலே மேகம் இறங்கி முகட்டை மூடியது. சொன்ன நேரம் கடந்தது. கைப்பேசியில் மணி அடித்தது; எடுப்பார் இல்லை. அந்தச் சரிவுகளின் அபாயம் எனக்குத் தெரியும். 2023 பிப்ரவரி 1ஆம் நாள் அங்கே பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டவர் இருவர் இறந்ததைச் செய்தியில் படித்திருந்தேன். அதை மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது என்பதை அவள் முகத்தில் கண்டேன்.

என் துணைவியார் தேநீர் வாங்கி நீட்டினார். கையில் வாங்கிக்கொண்டேனே தவிர, என் கண் மலையை விட்டு அகலவில்லை. எந்த மரத்தின் பின்னிருந்து அவர் வெளிப்படுவார் என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். நாவு தன்னால் ஓதிக்கொண்டிருந்தது. ‘கயிற்றில் கை இருக்கும்போது கண் வேறெங்கும் போகக்கூடாது’ என்று வாப்பா தோணி வேலையைப் பற்றிச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. இளமையில் அதை ஒரு தொழில் நுணுக்கமாகக் கேட்டிருந்தேன். கடலுக்குள் ஒருவன் மூச்சடக்கி இருக்கும் அந்த ஒரு நிமிடமும், மேலிருப்பவனும் தன் மூச்சை அடக்கித்தான் இருக்கிறான் என்பது அன்றுதான் விளங்கியது. என் கையில் கயிறுகூட இல்லை. இழுப்பதற்கு ஒன்றுமில்லாமல் நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழிந்து மூன்று கரும்புள்ளிகள் மரங்களுக்கிடையே தோன்றின. நண்பரின் பலகைப் பூட்டு பழுதாகி, அவரை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மெதுவாக இறங்கியிருக்கிறார்கள். “மாமா, நேரமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார் மருமகன். நான் ஒன்றும் சொல்லாமல் அவருடைய கையைப் பற்றிக்கொண்டேன். அப்போது பேரன் ஓடிவந்து, “அப்பா, நான் விழாமல் இறங்கினேனே, பார்த்தீர்களா?” என்று கேட்டான். பார்க்கவில்லை. “இல்லை வாப்பா, உன் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை இறங்கு, பார்க்கிறேன்” என்றேன். அவன் மறுபடி ஏறிச் சென்று இறங்கினான். பாதியில் விழுந்தான். விழுந்ததும் முதலில் அவன் திரும்பிப் பார்த்தது என்னை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கண்டதும் தானே எழுந்துவிட்டான்.

திரும்பும் வழியில் குல்மார்க்கிற்குக் கீழே உள்ள பாபா ரேஷியின் ஸியாரத்துக்குச் சென்றோம். பாபா பயாமுத்தீன் என்னும் அப்பெரியார் காஷ்மீர் அரசவையில் செல்வாக்கோடு இருந்தவர், 1480இல் மறைந்தவர். எறும்புகள் குளிர்காலத்துக்காக உணவு சேமிப்பதைக் கண்டு, ‘மறுமைக்கென நான் என்ன சேர்த்தேன்?’ என்று கலங்கித் துறவு பூண்டார் என்று அங்கே சொல்கிறார்கள். என் வாப்பாவுக்காக அங்கே நின்று துஆச் செய்தேன்.

ஊர் திரும்பிய வாரமே மதரஸாவில் மாணவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பேரன் வாயிலாகச் செய்தி முன்பே வந்துவிட்டது. “உஸ்தாத், நீங்களும் பனியில் சறுக்கினீர்களா?” என்று ஒருவன் கேட்டான். முப்பது கண்கள் என் முகத்தில் இருந்தன. ‘கொஞ்சம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வகுப்பே மகிழ்ந்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்ற சிறுவனை நான் அக்கணத்தில் மிகத் தெளிவாகக் கண்டேன்.

“இல்லை. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன். பிறகு, “என் வாப்பா 1961 முத்துக்குளிப்பில் தோணியில் இருந்தார்கள். அவர்கள் குளிக்கவில்லை, கயிறு பிடித்தார்கள்” என்றும் சொன்னேன். அவர்கள் சற்றும் ஏமாறவில்லை. கயிறு எத்தனை பாகம் நீளம், சுண்டினால் எப்படித் தெரியும், இழுக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்று மணி அடிக்கும் வரை கேட்டார்கள். தெரிந்தவற்றைச் சொன்னேன். வாப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டவை எத்தனை என்பதும் அப்போது தெரிந்தது.

மறுநாள் முதற்பாடத்துக்கு வந்தோம். ஆறாவது நீர் எது என்பதை இம்முறை மீன்பிடித் துறைமுகத்தை நாடாமல் விளக்கினேன். அரிசி மாவைச் சொன்னேன். உள்ளங்கையில் எஞ்சும் சில துளிகளைச் சொன்னேன். ஒரு வாளிப் பனி கால் வாளி நீராவதைச் சொன்னேன். அதோடு, அந்நூலில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். மறைந்தவரின் பிழைகளைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவும்படி இறைவனிடம் வேண்டும் துஆ ஒன்றை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஜனாஸாத் தொழுகைக்கென நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். என் வாப்பாவின் ஜனாஸாவில் அதை நான் ஓதியபோது, பனி என்ற சொல் என் நாவில் மட்டுமே இருந்தது. இன்று அதன் குளிர்ச்சி என் கையில் இருக்கிறது.

தேநீர்க் கடை நண்பருக்கு நான் தர வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. சறுக்கத் தெரியாதவனுக்குப் பனிமலையில் வேலை உண்டு. இறைவன் படைத்த ஒன்றைக் கண்ணாரக் காண்பது ஒரு வேலை. சறுக்குகிறவர் நலமாக இறங்கும் வரை விழித்திருப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்து வந்தேன், அல்ஹம்து லில்லாஹ். என் வாப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை நாற்பத்தைந்து ஆண்டுகள் தாமதித்து, என் மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.